பாகுபலியின் 'கிளிக்கி' முதல் 'கிளிங்கான்' வரை: இல்லாத மொழிக்கு சொல்லும் எழுத்தும் பிறப்பது எப்படி?

2015-ல் வெளியான 'பாகுபலி' படத்தில் காலகேயர் தலைவன் போர்க்களத்தில் நின்று பேசும் வசனம் தியேட்டரில் யாருக்கும் புரியவில்லை. ஆனால் மிரட்டல் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. 'ஏதோ வாய்க்கு வந்ததைக் கத்துறாங்க' என்றுதான் பலரும் நினைத்தார்கள். உண்மையில் அது 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட ஒரு மொழி. பெயர் 'கிளிக்கி'. உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி.

இப்படி ஒருவரோ சிலரோ திட்டமிட்டு உருவாக்கும் மொழிகளுக்கு 'செயற்கை மொழிகள்' என்று பெயர். பொழுதுபோக்கு மாதிரி தெரிந்தாலும், இந்த மொழிகளைப் பேசியதற்காக சிறைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்று கோர்ட் வரை போன வழக்கும் இருக்கிறது. எழுத்தே இல்லாமல் இருந்த மக்களுக்கு எழுத்து கிடைத்ததும் இதே மாதிரியான உழைப்பால்தான்.

சரி, இல்லாத ஒரு மொழிக்கு சொல் எங்கிருந்து வருகிறது? எழுத்து எப்படி உருவாகிறது? படிப்படியாகப் பார்க்கலாம்.

*மொழியை எதுக்கு 'உருவாக்கணும்'?*

காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

உலகம் முழுக்க பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்ற ஆசை முதல் வகை. போலந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப் 1887-ல் வெளியிட்ட 'எஸ்பெராண்டோ' இதற்குப் பெரிய உதாரணம்.

இரண்டாவது வகை, கதைக்காகவும் சினிமாவுக்காகவும் பிறந்த மொழிகள். 'ஸ்டார் ட்ரெக்' படங்களின் கிளிங்கான், 'அவதார்' படத்தின் நாவி, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் டோத்ராக்கி, நம்ம கிளிக்கி எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றாவது வகை, சோதனை முயற்சி. எவ்வளவு குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு பேசிவிட முடியும் என்று பார்ப்பதற்காக கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் 2001-ல் வெளியிட்ட 'டோக்கி போனா' அப்படிப்பட்டது. மொத்தமே சுமார் 120 சொற்கள்தான்.

*முதல் வேலை சொல் இல்லை, ஒலி!*

புதுசாக மொழி உருவாக்குபவர்கள் பெரும்பாலும் முதலில் சொற்பட்டியல் போடுவதில்லை. எந்தெந்த ஒலிகள் இருக்கும், எது இருக்காது என்று முடிவு செய்கிறார்கள். ஒரு மொழி காதில் எப்படி விழும் என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பட்டியல்தான்.

கிளிங்கானை எடுத்துக்கொள்வோம். 1979-ல் வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் சில வார்த்தைகளை உருவாக்கினார். 1984-ல் வந்த மூன்றாவது படத்துக்காக அதை முழு மொழியாக வளர்த்தவர் மொழியியல் அறிஞர் மார்க் ஒக்ராண்ட். வேற்றுக்கிரக மொழி மாதிரி ஒலிக்கணும், ஆனா நடிகர்கள் வாயில் நுழையணும். இதுதான் சிக்கல். அதனால் உலக மொழிகளில் உள்ள ஒலிகளையே எடுத்து, வழக்கமாக ஒன்றாகச் சேர்ந்து வராத விதத்தில் சேர்த்தார்.

உதாரணமாக, நாக்கை மேலண்ணத்தில் மடித்துச் சொல்லும் ஒலி கிளிங்கானில் உண்டு. 'குடை' என்று சொல்லும்போது வரும் 'ட'தான் அது. ஆங்கிலம் பேசுபவர்களுக்கு அந்நியமான இந்த ஒலி, தமிழ் பேசுபவர்களுக்கு அன்றாடம் வருவது!

'அவதார்' படத்துக்கு இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் முதலில் சுமார் 30 சொற்களை வைத்திருந்தார். அதிலிருந்து நாவி மொழியை வளர்த்த பேராசிரியர் பால் ஃப்ரோமர், ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக வரும் சில ஒலிகளை வேண்டுமென்றே ஒதுக்கினார். 'கங்கை' என்ற சொல்லின் நடுவில் வரும் 'ங்' என்ற மூக்கொலியைச் சொல்லின் முதலிலும் வைத்தார். இருப்பதைச் சேர்ப்பது போலவே, எதை விடுகிறோம் என்பதும் ஒரு மொழிக்குத் தனி அடையாளம் கொடுக்கிறது.

*சொற்கள் பிறக்கும் நான்கு வழிகள்*

ஆயிரக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து யோசித்தால் ஆயுள் போதாது. அதனால் கொஞ்சம் வேர்ச்சொற்களை வைத்து நிறைய சொற்களை உருவாக்கும் வழியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

1. ஒட்டுகளைச் சேர்ப்பது

எஸ்பெராண்டோவின் முதல் நூலில் இருந்தவை 16 விதிகளும் சுமார் 900 வேர்ச்சொற்களும்தான். மீதியை ஒட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. 'சானா' என்றால் ஆரோக்கியமான. முன்னால் 'மல்' சேர்த்தால் எதிர்ச்சொல். 'மல்சானா' என்றால் நோயுற்ற. ஆளைக் குறிக்கும் ஒட்டைச் சேர்த்தால் 'மல்சனூலோ', நோயாளி. இடத்தைக் குறிக்கும் ஒட்டையும் சேர்த்தால் 'மல்சனுலேயோ', அதாவது மருத்துவமனை. ஒரே வேரில் நான்கு சொற்கள். அகராதியைப் புரட்டாமலே அர்த்தத்தைப் பிடித்துவிடலாம்.

2. திருப்பிப் போடுவது

மதன் கார்க்கி ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில், குழந்தைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க உருவாக்கிய சிறு மொழிதான் கிளிக்கிக்கு விதை. அதில் 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. எதிர்ப் பொருளுக்கு எதிர்த் திசையில் ஒலி. ஒன்றைக் கற்றால் இன்னொன்று இலவசம்.

3. இருப்பதை இணைப்பது

டோக்கி போனாவில் 'டோமோ' என்றால் கட்டடம், 'டெலோ' என்றால் நீர், 'டாவா' என்றால் நகர்வது. 'டோமோ டெலோ' என்று சேர்த்தால் குளியலறை. 'டோமோ டாவா', அதாவது நகரும் வீடு என்றால் கார். அறிவுக்கான 'சோனா'வையும் கருவிக்கான 'இலோ'வையும் சேர்த்து 'இலோ சோனா' என்றால் கம்ப்யூட்டர். தமிழில் பேருந்து, மின்னஞ்சல், தொலைக்காட்சி போன்ற சொற்கள் உருவான அதே வழிதான் இது.

4. மொழிக்கு ஒரு 'பழங்காலம்' கொடுப்பது

இதுதான் இருப்பதிலேயே கடினமான வழி. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். கதைக்காக மொழியை உருவாக்கியவர் இல்லை அவர். மொழியை முதலில் உருவாக்கிவிட்டு, அதைப் பேசுவதற்கு ஒரு உலகத்தைத் தேடியவர். பின்னிஷ் மொழியின் ஓசையை விரும்பி குவென்யாவையும், வெல்ஷ் மொழியின் சாயலில் சிந்தாரினையும் உருவாக்கினார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தாய்மொழி இருந்ததாக வைத்துக்கொண்டார்.

அந்தத் தாய்மொழியில் மரத்துக்கு 'கலதா' என்று ஒரு மூலச்சொல். அது குவென்யாவில் தேய்ந்து 'அல்தா' ஆனது. சிந்தாரினில் 'கலத்' ஆனது. தமிழின் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' என்றும், 'பல்' அங்கே 'ஹல்லு' என்றும் இருப்பது போலத்தான் இது. ஒலி மாற்றம் ஒழுங்காக நடந்திருப்பதால், டோல்கீனின் மொழிகள் நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டவை போன்ற உணர்வைத் தருகின்றன.

*'நன்றி' சொல்ல வார்த்தையே இல்லாத மொழி*

ஆங்கிலச் சொற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுச் சொல்லை எதிரில் எழுதினால் மொழி ஆகிவிடுமா? ஆகாது. அது முகமூடி போட்ட ஆங்கிலம்தான். பேசும் மக்கள் யார், எப்படி வாழ்கிறார்கள் என்பதிலிருந்து சொற்கள் வரணும்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல்களில் சிதறிக் கிடந்த சில சொற்களை வைத்து டோத்ராக்கியை வளர்த்தவர் டேவிட் பீட்டர்சன். டோத்ராக்கிகள் குதிரையோடு வாழும் நாடோடிப் போர்க்குடியினர். 'டோத்ராக்கி' என்ற பெயருக்கே 'சவாரி செய்பவர்கள்' என்றுதான் அர்த்தம். 'நலமா?' என்று கேட்பதற்குப் பதிலாக 'நல்லா சவாரி செய்கிறாயா?' என்ற பொருளில் கேட்கிறார்கள். 'நன்றி' என்பதற்கு அந்த மொழியில் சொல்லே கிடையாது. படிப்பு, ஏடு என்று எதுவும் இல்லாத கூட்டம் என்பதால், பீட்டர்சன் அவர்களுக்கு எழுத்தும் உருவாக்கவில்லை.

நாவி மக்களுக்கு ஒரு கையில் நான்கு விரல்கள்தான். அதனால் அவர்கள் பத்துப் பத்தாக எண்ணுவதில்லை, எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். உடம்பே கணக்கை மாற்றிவிடுகிறது!

சொற்களை அடுக்கும் வரிசையும் அப்படித்தான். 'பூனை எலியைப் பிடித்தது' என்பது தமிழின் இயல்பான வரிசை. கிளிங்கானில் இது 'எலியைப் பிடித்தது பூனை' என்றுதான் வரும். தமிழில் அழுத்தம் கொடுக்க எப்போதாவது பயன்படுத்தும் இந்த அமைப்புதான் அங்கே அடிப்படை விதி. உலக மொழிகளில் இது மிக அரிது என்பதாலேயே ஒக்ராண்ட் இதைத் தேர்ந்தெடுத்தார்.

*எழுத்து எப்படி உருவாகிறது?*

எழுத்தை வரைவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: ஒரு குறி எதைக் குறிக்கப்போகிறது?

▪️ ஒரு குறி ஒரு ஒலி: ஆங்கிலத்தின் ரோமன் எழுத்து இந்த வகை.

▪️ ஒரு குறி ஓர் அசை: ஜப்பானிய 'கனா' எழுத்துகள்.

▪️ மெய்யெழுத்தோடு உயிர்க்குறி ஒட்டுவது: தமிழ், இந்தி உள்ளிட்ட இந்திய எழுத்துகள்.

▪️ ஒரு குறி ஒரு சொல் அல்லது பொருள்: சீன எழுத்துகள்.

மொழியின் அமைப்புக்குப் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுக்கணும். டோக்கி போனாவில் சொற்கள் 120 தான் என்பதால், ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்றே எழுத முடிகிறது. லட்சம் சொற்கள் உள்ள மொழியில் அப்படிச் செய்தால் கற்பவர்கள் பாடு திண்டாட்டம்.

அடுத்தது வடிவம். புதிதாக எழுத்து வரைபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ஓவியமாக வரைந்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், வேகமாக எழுத முடியாது. எதில் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். கல்லில் செதுக்கினால் நேர்கோடுகள் எளிது. தூரிகை என்றால் வேறு, எழுத்தாணி என்றால் வேறு.

டோல்கீன் உருவாக்கிய 'தெங்வார்' எழுத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. அடிப்படை வடிவம் ஒரு தண்டு, ஒரு வளைவு. 'த்' ஒலியை வாயிலிருந்து வெடித்து வரும்படி சொன்னால் தண்டு கீழ்நோக்கி இருக்கும். காற்றை உரசவிட்டுச் சொன்னால் அதே தண்டு மேல்நோக்கிப் போகும். தொண்டை அதிர்ந்து வரும் ஒலி என்றால் வளைவு இரண்டாகும். உயிரொலிகள் தனி எழுத்தாக இல்லாமல், தமிழின் புள்ளி, கொம்பு போல மெய்யெழுத்தின் மேல் குறிகளாகவும் வரும். அட்டவணையின் தர்க்கம் பிடிபட்டால், பார்க்காத எழுத்தைக்கூட ஊகித்துவிடலாம்.

*உலகமே வியக்கும் கொரிய எழுத்து*

ஒலிக்கும் வடிவத்துக்கும் தொடர்பு ஏற்படுத்துவது டோல்கீனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நடந்தது. அதுவும் கற்பனை மொழிக்காக இல்லை, நிஜ மக்களுக்காக.

கொரியாவில் அப்போது எழுதுவதற்குப் பயன்பட்டது சீன எழுத்துகள்தான். ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கற்க சாமானியர்களுக்கு நேரமோ வசதியோ இல்லை. மன்னர் செஜோங் 1443-ல் 28 எழுத்துகள் கொண்ட புது முறையை உருவாக்கி, 1446-ல் மக்களுக்கு அறிவித்தார். இன்று 'ஹங்குல்' எனப்படும் அந்த எழுத்தில் மெய்யெழுத்துகளின் அடிப்படை வடிவம், அந்த ஒலியைச் சொல்லும்போது நாக்கும் வாயும் இருக்கும் நிலையைக் காட்டுகிறது. 'ம்' ஒலிக்கான எழுத்து மூடிய வாயைக் குறிக்கும் சதுரம். 'க்' ஒலிக்கான எழுத்து, நாக்கின் அடிப்பகுதி தொண்டையை அடைக்கும் வடிவம். அழுத்திச் சொல்லும் ஒலிக்கு அதே எழுத்தில் ஒரு கோடு கூடும்.

ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று கவனிப்பது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் முழுக்க அதைத்தான் பேசுகிறது. செஜோங் அந்த அறிவை எழுத்தின் வடிவத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்.

அரசவை அறிஞர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் எழுத்து நின்றுவிட்டது. இன்று 24 அடிப்படை எழுத்துகளோடு புழக்கத்தில் இருக்கிறது. தென் கொரியாவில் அக்டோபர் 9 ஹங்குல் தினம், அரசு விடுமுறை.

*நிஜ மக்களுக்காக எழுத்து கண்ட மனிதர்கள்*

மன்னர்தான் எழுத்து உருவாக்க முடியும் என்று இல்லை.

அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி இனத்தைச் சேர்ந்த செக்கோயாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று முயன்றார். எண்ணிக்கை எகிறியது. பிறகு அசைக்கு ஒரு குறி என்று மாற்றி, 1821-ல் முடித்தார். 1828-ல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வந்துவிட்டது.

இந்தியாவில் சந்தாலி மொழியை வங்காளம், ஒடியா, தேவநாகரி, ரோமன் என்று இடத்துக்கு ஓர் எழுத்தில் எழுதி வந்தார்கள். எதுவும் அந்த மொழியின் ஒலிகளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. இன்றைய ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியைச் சேர்ந்த ரகுநாத் முர்மு, 1925-ல் 'ஒல் சிக்கி' என்ற 30 எழுத்துகள் கொண்ட முறையை உருவாக்கினார். 2003-ல் நிறைவேறிய 92-வது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் சந்தாலி எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் பேசும் மொழி இது.

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவில் 1989-ல் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற இரண்டு சகோதரர்கள், ஃபுலானி மொழிக்கு 'அத்லாம்' என்ற எழுத்தை உருவாக்கினார்கள். அப்போது அவர்கள் பள்ளி வயதுச் சிறுவர்கள்! அரபி எழுத்தில் எழுதப்பட்ட தங்கள் மொழியைப் படிப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்ற கேள்விதான் தொடக்கம்.

*போனில் டைப் செய்ய முடியலைன்னா?*

இன்றைக்கு ஒரு எழுத்துக்கு உயிர் இருக்கணும்னா, அது போனில் தெரியணும். அதற்கு 'யூனிகோடு' எனும் உலகப் பொதுத் தரத்தில் இடம் வேண்டும். ஒல் சிக்கிக்கு 2008-லும், அத்லாமுக்கு 2016-லும் இடம் கிடைத்தது.

கிளிங்கான் எழுத்துக்காகவும் விண்ணப்பம் போனது. 2001-ல் நிராகரித்துவிட்டார்கள். கிளிங்கான் எழுதுபவர்களே பெரும்பாலும் ரோமன் எழுத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியக் காரணம். அதாவது, எழுத்தை யார் உருவாக்கினார்கள் என்பதைவிட, அதில் யாராவது எழுதுகிறார்களா என்பதுதான் முதல் கேள்வி.

*மொழி யாருக்குச் சொந்தம்?*

2015 இறுதியில் 'ஸ்டார் ட்ரெக்' உரிமையாளர்களான பாரமவுண்ட், சிபிஎஸ் நிறுவனங்கள், ரசிகர்கள் எடுத்துவந்த 'அக்ஸனார்' படத்தின் மீது காப்புரிமை வழக்குப் போட்டன. தங்களுக்குச் சொந்தமானவை என்று கொடுத்த பட்டியலில் கிளிங்கான் மொழியும் இருந்தது.

மொழி உருவாக்குநர்களுக்கான சங்கம் ஒன்று 2016-ல் இதை எதிர்த்து மனு போட்டது. அகராதி நூலுக்கு உரிமை கேட்கலாம், ஆனால் மக்கள் பேசும் மொழிக்கு உரிமை கேட்க முடியாது என்பது அவர்கள் வாதம். மனுவுக்குள்ளேயே கிளிங்கான் வாக்கியங்களையும் சேர்த்திருந்தார்கள். 2017 ஜனவரியில் இரு தரப்பும் சமரசம் ஆனதால், மொழி பற்றிய கேள்விக்குத் தீர்ப்பு வராமலே வழக்கு முடிந்தது.

*ஒன்று அழிந்தது, ஒன்று வாழ்கிறது... ஏன்?*

எஸ்பெராண்டோவுக்கு முன்பே, 1880-ஐ ஒட்டி, ஜெர்மன் பாதிரியார் ஷ்லேயர் 'வோலாபுக்' என்ற உலக மொழியை வெளியிட்டார். வேகமாகப் பரவியது. 1889-ல் பாரிஸில் நடந்த அதன் மாநாட்டையே அந்த மொழியில் நடத்தினார்கள். ஆனால் மாற்றங்கள் வேண்டும் என்று பேசியவர்கள் கேட்டபோது, கடைசி வார்த்தை தன்னுடையதாகத்தான் இருக்கணும் என்று ஷ்லேயர் பிடிவாதம் பிடித்தார். இயக்கம் உடைந்தது. மொழியும் சில ஆண்டுகளில் மங்கிப்போனது.

சாமன்ஹோஃப் நேர் எதிராக நடந்துகொண்டார். முதல் நூலிலேயே மொழியின் மீதான தன் உரிமைகளைத் துறந்து, அது எல்லோருக்கும் பொதுச் சொத்து என்று அறிவித்துவிட்டார். பேசுபவர்கள் அதைத் தங்கள் மொழியாக எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. ஸ்டாலின் கால சோவியத் ஒன்றியத்தில் எஸ்பெராண்டோ பேசியவர்கள் கைதானார்கள், சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாஜிகளும் இந்த இயக்கத்தை எதிரியாகப் பார்த்தார்கள். யூதரான சாமன்ஹோஃபின் மூன்று பிள்ளைகளையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிகள் கொன்றார்கள். ஆனாலும் மொழி சாகவில்லை. இன்று அதைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

*நீங்களும் முயற்சி செய்யலாமா?*

தாராளமாக. பெரிய செலவும் இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

1. பேசப்போகிறவர்கள் யார், எங்கே வாழ்கிறார்கள் என்று முதலில் எழுதுங்கள். கடலோர மக்களா, பாலைவன மக்களா?

2. 15 முதல் 20 ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள். சொல்லின் முதலில் எது வரலாம், கடைசியில் எது வரக்கூடாது என்று விதி வையுங்கள்.

3. நீர், தீ, கை, தாய், போ, வா என்று 50 வேர்ச்சொற்கள் போதும். எதிர்ச்சொல், ஆள், இடம் ஆகியவற்றுக்கு ஒட்டுகளை முடிவு செய்யுங்கள்.

4. சொற்பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் பத்து வாக்கியங்கள் எழுதிப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

5. எழுத்தைக் கடைசியில் வரையுங்கள். ஒரே வாக்கியத்தை வேகமாக இருபது முறை எழுதுங்கள். கையில் தானாகத் தேய்ந்து வரும் வடிவம்தான் நிஜமான எழுத்து.

6. இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசி விதிதான் ரொம்ப முக்கியம். கிளிக்கிக்கும் இதுதான் நடந்தது. படம் முடிந்ததும் நின்றுவிடாமல், 2020 பிப்ரவரி 21-ல், உலகத் தாய்மொழி தினத்தன்று, யார் வேண்டுமானாலும் கற்கும் விதமாக எழுத்தோடு சேர்த்து இணையதளத்தில் வெளியிட்டார்கள். சொல்லையும் எழுத்தையும் ஒருவர் உருவாக்கிவிடலாம். அது மொழியாக நிற்பதற்கு, பதில் சொல்ல இரண்டாவதாக ஒருவர் வேண்டும்.